ரெண்டு கிழவர்களுக்கு ஒரே மார்க்

“அதெல்லாம் சரிவே, விழுததுக்கு எதுக்கு மார்க்குங்கேன்?”

“விழுததுக்கு இல்லவே. விழப்போறதுக்கு.”

“இன்னும் விழவே இல்லியே. அதுக்குள்ள எப்படி மார்க்கு போடுவாவ?”

“அதத்தான சொல்லுதேன். இடுப்புல ஒரு செல்போனக் கட்டி விடுவாவளாம். நாம எந்திரிக்கது, நடக்கது, திரும்புதது எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்குமாம். பாத்துட்டு, ‘இந்தக் கெழவன் ஆறு மாசத்துல விழுந்துருவாம்’னு சொல்லிப்புடுமாம்.”

“ஜோசியமா?”

“ஜோசியக்காரன் நட்சத்திரம் கேப்பாம், ராசி கேப்பாம். இதுக்கு நட மட்டும் போதுமாம்வே.”

கல்மேடு மத்திய சிறை, ஐந்தாம் பிளாக், வேப்பமரத்தடி. கேள்வி கேட்டவர் அருமைநாயகம். வயது அறுபத்தொன்பது, வெளியே இருந்தபோது டவுன் பஸ் கண்டக்டர். பதில் சொன்னவர் பிச்சைக்கனி. எழுபத்திரண்டு, பரோட்டா மாஸ்டர். பதினோரு வருடங்களாக இருவரும் ஒரே பிளாக், ஒரே வரிசை. ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளவே முடியவில்லை என்று இருவருமே மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மனுக்களும் ஒரே பெட்டியில் சேர்ந்து கிடந்தன.

அந்தக் காலத்தில் சிறைகளின் நிலைமை அப்படி. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். கேன்டீனில் பீடியைவிடப் பல்செட் ஒட்டும் பசை அதிகம் விற்றது. தப்பி ஓடாமல் இருக்கப் போட்ட கம்பிகள் போக, வழுக்கி விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பிகளுக்கும் அரசாங்கம் டெண்டர் விட்டிருந்தது. ஆள் விழுந்தால் இடுப்பு உடையும். இடுப்பு உடைந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குக் காவல், காவலுக்கு நாலு போலீஸ். ஆகவே யார் விழப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவு நல்லது? அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘நிமிர்’ என்ற அந்த ஆப்.

அறுபது மார்க்குக்கு மேல் வாங்கினால் பாதுகாப்பு பிளாக். அங்கே ஆளுக்கொரு அறை, கட்டில், ஃபேன், ரப்பர் தரை, மேற்கத்திய கழிவறை, தினமும் ஒரு முட்டை. செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் ஐந்தாம் பிளாக்கில் நேராக நடப்பவர்கள் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

அருமைநாயகம் மட்டும் நேராக நடந்தார். அவர் கவலை வேறு. முன்விடுதலைக் குழு ஐந்து வாரத்தில் கூடப்போகிறது. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் புது விதி ஒன்று வந்திருந்தது: ஐம்பதுக்கு மேல் மார்க் உள்ளவரை வெளியே விட வேண்டுமென்றால், வீட்டில் அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ‘துணை நிற்பவர்’ என்று படிவத்திலேயே கட்டம் இருந்தது. விடுதலையான மறுவாரமே கைதி குளியலறையில் விழுந்து செத்தால் பேப்பரில் யார் பதில் சொல்வது?

அருமைநாயகத்துக்குத் துணை யாரும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஆள் அவர் தம்பி. வயல் வேலித் தகராறில் அந்தத் தம்பியை மண்வெட்டிக் கட்டையால் ஒரே அடியில் கொன்றுவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார்.

ஆக, ஐம்பதுக்குக் கீழே வாங்க வேண்டும். வாங்காவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

“நீரு என்னவே எல்லாரும் தள்ளாடுதாவ, நீரு மட்டும் பட்டாளத்துக்காரம் மாதிரி போறீரு?” என்றார் பிச்சைக்கனி.

“எனக்கு வீட்டுக்குப் போணும்.”

“எனக்கு முட்ட வேணும்வே. நான் போறதுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்கு.”

பிச்சைக்கனியின் பெயர் எந்த முன்விடுதலைப் பட்டியலிலும் வராது. கடை முதலாளியோடு நடந்த சண்டையில் பரோட்டாக் கல்லைச் சுரண்டும் இரும்பால் அவர் அடித்ததில் முதலாளி செத்துப்போனார். முதலாளியின் மனைவி பொன்னுத்தாய், ஒவ்வொரு வருடமும் தவறாமல் கடிதம் போடுவார்: ‘இவரை ஒருநாள்கூட முன்னால் விடாதீர்கள்.’ அதை அலுவலகத்தில் பிச்சைக்கனிக்குப் படித்துக் காட்டுவார்கள்.

“இந்த வருஷம் என்னவே எழுதியிருந்தா அந்தம்மா?”

“அதேதாம். ஆனா எழுத்து கொஞ்சம் நடுங்குது. அந்தம்மாவுக்கும் வயசாயிட்டுல்லா.” என்றார் பிச்சைக்கனி. “அவ சொல்லுதது நியாயந்தாம்வே.”

பிளாக்கில் பயிற்சி வகுப்பே தொடங்கிவிட்டது. ஆசிரியர் ஆவுடையப்பன். அரசு அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் இல்லாத வியாதிகளுக்கு விடுப்பு எடுத்தவர். கடைசியில் கையெழுத்து மோசடியில் மாட்டியவர்.

“விழப்போற மாதிரி நடிக்காதிய!” என்று அவர் மரத்தடியில் நின்று கத்துவார். “அது சினிமா. விழாம இருக்கப் படாதபாடு படுத மாதிரி நடிங்க. மொகத்துல ஒரு மானம் வேணும். ‘எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தாம் இருக்கேன்’னு ஒரு வீம்பு வேணும். அப்பத்தான் நம்புவாவ.”

முப்பது கிழவர்கள் மானத்தோடு தள்ளாடினார்கள்.

சோதனை நாளில் ஆப்போடு வந்தவள் ரெக்ஸலின். இருபத்தாறு வயது. கைதிகளை எண் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஜெயிலர் கோமதிநாயகம் சொல்லியிருந்தார். அவள் வாயில் எண் வரவில்லை. எல்லோரையும் “அய்யா” என்றாள். கையோடு ஒரு நாற்காலியும் கொண்டுவந்திருந்தாள்.

“இது எதுக்கு?” என்றார் ஜெயிலர்.

“சார், இதுல உக்காந்துட்டு எந்திரிக்கணும். மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து, மறுபடி உக்காரணும். அதான் டெஸ்ட்.”

“கைதி நாற்காலியில உக்காருவானா? என் முன்னாலயா? இங்க அந்த வழக்கமே கெடையாதும்மா.”

“அப்ப எங்க சார் உக்காருவாங்க?”

“தரையில. எண்ணிக்கைக்கு உக்காருத மாதிரி.”

ரெக்ஸலின் யோசித்தாள். தரையிலிருந்து எழுவது நாற்காலியிலிருந்து எழுவதைவிடக் கஷ்டம், அவ்வளவுதானே, ஆப்பில் ஒரு அளவை மாற்றினால் போகிறது என்று மாற்றிவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. அது அவளுக்கும் தெரியவில்லை, ஜெயிலருக்கும் தெரியவில்லை, ஏன், கைதிகளுக்கே தெரியவில்லை.

கைதிகள் எண்ணிக்கைக்கு உட்காருவதைப் போலவே இரண்டிரண்டு பேராகக் குத்தவைத்தார்கள். அருமைநாயகம் இடது பக்கம், பிச்சைக்கனி வலது பக்கம். ரெக்ஸலின் ஒரு பெல்ட்டில் போனைச் செருகி அருமைநாயகத்தின் இடுப்பில் கட்டினாள்.

“எந்திரிங்க அய்யா.”

அவர் எழுந்தார். பதினோரு வருடங்களாகக் காலையிலும் மாலையிலும் எப்படி எழுவாரோ அப்படி எழுந்தார். நடந்தார். திரும்பினார். வந்து உட்கார்ந்தார்.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கல்யாண மேடையில் வாழ்த்துரை வாசிப்பதுபோல் பேசியது: “வணக்கம். தங்களின் விழும் அபாயம், நூற்றுக்கு இருபத்திரண்டு. வாழ்த்துகள். தொடர்ந்து நலமுடன் நடைபோடுங்கள்.”

அருமைநாயகத்துக்குப் பஸ்ஸே கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுத் திண்டுக்கல் பூட்டு துருப்பிடித்திருக்குமே, எண்ணெய் விட வேண்டுமே என்றுகூட யோசித்துவிட்டார். சந்தோஷத்தில் ஜெயிலருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, சொல்லாமலே பிளாக்குக்குள் போய்விட்டார்.

அடுத்தது பிச்சைக்கனி. பெல்ட் கட்டினார்கள். “எந்திரிங்க அய்யா.” அவர் பாதி எழுந்தார். கை காற்றில் எதையோ தேடியது. கால் பின்னிக்கொண்டது. ஒரு சுற்றுச் சுற்றி, ரெக்ஸலினின் கையிலிருந்த டேப்லெட்டின் மேல் சாய்ந்து, அவளையும் தள்ளிக்கொண்டு, ஜெயிலரின் தொப்பியில் போய் நின்றார்.

“தங்களின் விழும் அபாயம், நூற்றுக்கு எண்பத்து நான்கு. தயவுசெய்து உடனே அமரவும்.”

ஐந்தாம் பிளாக் முழுவதும் கைதட்டியது. ஆவுடையப்பன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “இதாம்ல நடிப்பு! பாருங்கல, மொகத்துல எவ்வளவு பயம்!”

மற்ற முப்பது பேரின் நடிப்பும் எடுபடவில்லை. தள்ளாடுபவன் உடம்பு ஒரு விதமாக ஆடும், தள்ளாடுவதுபோல் நடிப்பவன் உடம்பு வேறு விதமாக ஆடும் என்று அந்த ஆப்புக்குத் தெரியும். எல்லோருக்கும் பதினைந்து, பதினெட்டு. “வாழ்த்துகள்” என்று அது ஒவ்வொருவரையும் மனதாரப் பாராட்டியது. மறுநாளே முப்பது பேரையும் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். மண்வெட்டியோடு வரிசையில் நின்றபோது ஆவுடையப்பனைப் பார்த்து அவர்கள் சொன்னதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

பிச்சைக்கனி துணி மூட்டையோடு பாதுகாப்பு பிளாக்குக்குப் போனார்.

“போறேம்வே” என்றார்.

“போய்த் தொலையும். இன்னைக்குத்தாம் நான் நிம்மதியாத் தூங்கப்போறேன். உம்ம கொறட்டையில பதினோரு வருஷமாத் தூக்கமில்ல.”

“நீரு தூக்கத்துல விசிலடிக்கீரே, அது மட்டும் என்னவாம்?”

“முட்டயத் தொண்டையில அடச்சுக்கிடாம தின்னும்.”

இதுதான் அவர்களின் பிரிவு.

அன்று மாலை எண்ணிக்கை. வார்டர் லத்தியால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். தொடப்பட்ட ஜோடி எழுந்து உள்ளே போக வேண்டும். “இருபத்தெட்டு... முப்பது... ஒண்ணு.” அந்த ஒண்ணு அருமைநாயகம்.

எழப்பார்த்தார். முடியவில்லை. மறுபடி எழுந்தார். கை தானாக வலது பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை. முகம் குப்புற மண்ணில்.

“என்ன பெருசு, நேத்துதான் இருபத்திரண்டு வாங்குனீரு?” என்றார் வார்டர்.

“சும்மா... மண்ணு எப்படியிருக்குன்னு பாத்தேன்.”

அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கைக்கு உட்காருவதையே தவிர்த்தார். செருப்பைத் தேடுவதுபோல் நின்றார், வயிற்றுவலி என்று சுவரில் சாய்ந்தார். ஆனால் ஆப்பை ஏமாற்ற முடியுமா? குழு கூடுவதற்கு முன் எல்லோருக்கும் மறுசோதனை உண்டு. குழுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரெக்ஸலின் மறுபடி வந்தாள். தனியாகக் குத்தவைத்த அருமைநாயகம் எழுந்து முடிப்பதற்குள் இரண்டு முறை தரையைத் தொட்டார்.

“எழுபத்தொன்று. தயவுசெய்து உடனே அமரவும்.”

“இதுக்கு மேல எங்க அமருததுக்கு?” என்றார் தரையில் கிடந்த அருமைநாயகம்.

ரெக்ஸலின் டேப்லெட்டை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். “மூணு வாரத்துல இருபத்திரண்டு எழுபத்தொண்ணாகுமா? என்ன அய்யா பண்ணீங்க?”

“மூச்சுவிட்டேன். வேற ஒண்ணும் பண்ணல.”

ஜெயிலர் குறித்துக்கொண்டார். “துணை நிக்க ஆள் இருக்கா?”

“இல்லய்யா.”

“அப்ப அடுத்த வருஷம் பாப்போம்.”

அடுத்த வருடம் இன்னும் அதிகமாகத்தானே ஆகும்? யாருக்காவது இந்த மார்க் குறைந்து பார்த்திருக்கிறோமா? அருமைநாயகத்துக்குத் தெரியும்: ஒன்பது நாளுக்குள் ஏதாவது நடக்காவிட்டால் இனி அந்தக் கதவு இல்லை. நெற்றியில் அடிபட்டதற்கு மருந்து போட அவரைச் சிறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரெக்ஸலினும் கூடவே போனாள். தன் ஆப்பில் என்ன கோளாறு என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே பெஞ்சில் பிச்சைக்கனி உட்கார்ந்திருந்தார், மணிக்கட்டில் கட்டோடு.

“என்னவே இது?”

“விழுந்துட்டேன்.”

“ரப்பர் தரையிலயா?”

“ரப்பர் தரையிலதாம். ரெண்டு தடவ. ரப்பர்னா அடி கொஞ்சம் கம்மி, அவ்வளவுதாம். விழுதது விழுததுதான?” என்றவர் அருமைநாயகத்தின் நெற்றியைப் பார்த்தார். “உமக்கு என்ன?”

“நானும்தாம்.”

இருவரும் சுவரில் இருந்த காசநோய் விளம்பரத்தைப் படித்தார்கள்.

“நீரு நல்லா நடிச்சீருன்னு பிளாக்கே பேசுது” என்றார் அருமைநாயகம்.

“நடிக்கலவே.”

“என்னது?”

“நடிக்கலங்கேன். நான் நடிக்கணும்னுதாம் உக்காந்தேன். எந்திரிக்கும்போது உம்ம தோளத் தேடுனேன். நீருதாம் சல்யூட் அடிச்சிட்டுப் போயிட்டீரே. அப்படியே போயிட்டேன். எல்லாவனும் கைதட்டுதாம். நான் எப்படிச் சொல்லுவேன், எனக்கு உசுரே போச்சுன்னு?”

ரெக்ஸலின் கதவருகே நின்றிருந்தாள். “தோளா? என்ன தோளு?”

“எண்ணிக்கைக்கு எந்திரிக்கதும்மா” என்றார் அருமைநாயகம். “இவரு தோளுல நான் கைய வைப்பேன். நான் எந்திரிக்கும்போது இவரு என் தோளப் புடிச்சி எந்திரிப்பாரு. பதினோரு வருஷமா அப்படித்தாம். எல்லா ஜோடியும் அப்படித்தாம்.”

“டெஸ்ட் அன்னைக்கும் அவர் தோள்ல கை வச்சீங்களா?”

“வச்சனா?” அவர் பிச்சைக்கனியைப் பார்த்தார்.

“வச்சீரு. என் தோளெலும்பு இன்னும் வலிக்கி.”

ரெக்ஸலின் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் ஸ்கிரீனத்தான் பாத்துட்டு இருந்தேன். ஜெயிலர் சாரும் பக்கத்துலதான் நின்னாரு, அவருக்கும் அது வித்தியாசமாவே தெரியல. அப்ப அந்த இருபத்திரண்டு உங்க மார்க் இல்ல அய்யா. உங்க ரெண்டு பேரு மார்க்! ஒருத்தர ஒருத்தர் புடிச்சிட்டு இருந்த வரைக்கும் ரெண்டு பேருமே விழல. பிரிச்சி ரப்பர் ரூம்ல போட்டதும் விழறீங்க. இந்த ஆப்புக்கு மனுஷன்னா ஒரு ஆள்தான் தெரியும்.”

“அது பாவம், செல்போனு. அதுக்கு என்ன தெரியும்?” என்றார் பிச்சைக்கனி.

அங்கேயே அவள் இன்னொரு போனை எடுத்து இருவர் இடுப்பிலும் ஒவ்வொன்றைக் கட்டினாள். குத்தவைத்தார்கள். தோளில் கை. எழுந்தார்கள். போகும்போது பிச்சைக்கனி, “மெல்லப் போமே, பஸ்ஸயா புடிக்கப்போறீரு?” என்றார். திரும்பும்போது அருமைநாயகம், “கையில கட்ட வச்சிட்டு ஏம்வே இடிக்கீரு?” என்றார். வந்து உட்கார்ந்தார்கள்.

“தங்களின் விழும் அபாயம், நூற்றுக்குப் பதினொன்று. வாழ்த்துகள்.”

“முப்பது வயசுக்காரங்களுக்குத்தான் இது வரும்” என்றாள் ரெக்ஸலின்.

அன்றே அவள் ஆப்பில் உட்கார்ந்து வேலை செய்தாள். இரண்டு பேரை ஒரே பதிவாகச் சேர்க்க வழி இல்லை. அவள் வழி உண்டாக்கினாள்; எழுபத்தொன்றும் எண்பத்து நான்கும் அழிந்து இருவருக்கும் பதினொன்று ஏறியது. பிச்சைக்கனி ஐந்தாம் பிளாக்குக்குத் திரும்பினார். அன்று மாலை வார்டர், “முப்பது, முப்பத்திரண்டு” என்றபோது வரிசை முழுவதும் ஹோவென்று கத்தியது. குறட்டையும் விசிலும் மறுபடி ஒரே அறையில் சேர்ந்தன.

குழு கூடிய நாள். அலுவலகத்தில் நீள மேசை, மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, எண்பதை நெருங்கியவர். பக்கத்தில் ஜெயிலர் நின்றார், ஆகவே அருமைநாயகம் தரையில் குத்தவைத்திருந்தார். இடுப்பில் போன். மூலையில் டேப்லெட்டோடு ரெக்ஸலின்.

“மார்க் பதினொண்ணு” என்றார் தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி. “நல்ல ஆரோக்கியம். துணை தேவையில்லை. உத்தரவு எடுங்கம்மா.”

ரெக்ஸலின் ஒரு பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் முனகியது. தாள் வந்தது. ஜெயிலர் அதைக் கைரேகைக்காக அருமைநாயகத்திடம் நீட்டினார்.

அருமைநாயகம் எப்போதும் எதையும் படித்துவிட்டுத்தான் கைநாட்டு வைப்பார். டிக்கெட் கிழித்த பழக்கம். படித்தார். ‘விடுவிக்கப்படுபவர்: அருமைநாயகம் பிச்சைக்கனி. நபர்களின் எண்ணிக்கை: ஒன்று.’ கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போட்டோ.

அவர் நிமிர்ந்து ரெக்ஸலினைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேரை ஒரு பதிவாகச் சேர்த்ததில் இரண்டு பேருக்கும் சேர்த்தே உத்தரவு அடித்துவிட்டது அந்த ஆப். அவள் உதடு மட்டும் அசைந்தது: பேசாம இருங்க.

பேசாமல் இருந்தால்? மேசையில் இருக்கும் மூன்று பேரில் ஒருவரும் அந்தத் தாளைப் படிக்கப்போவதில்லை. இருவரும் வெளியே போகலாம். ஒரே வீடு, ஒரே தோள். டீக்கடை பெஞ்சில் சண்டை போடலாம். விழவே வேண்டாம். பேசினால் எழுபத்தொன்று, அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம்.

மேசையில் கோப்பு விரிந்து கிடந்தது. அதுவும் இரண்டு கோப்புகளைச் சேர்த்துக் கட்டியதுதான். மேலே ஒரு கடிதம், நீல மை, நடுங்கிய எழுத்து.

அருமைநாயகத்துக்குப் பிச்சைக்கனி சொன்னது ஞாபகம் வந்தது. ‘அவ சொல்லுதது நியாயந்தாம்வே.’ சொன்னவன் மாற்றிச் சொல்லட்டும், அவனுக்காக நான் எப்படி மாற்றுவது? அவருடைய தம்பிக்கும் ஒரு மனைவி இருந்திருந்தால் இப்படித்தானே எழுதியிருப்பாள்?

“அய்யா” என்றார். “இதுல ரெண்டு பேரு இருக்கு. நான் ஒருத்தந்தாம். இன்னொருத்தனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. அந்தம்மா கடிதாசு அங்க இருக்கு, பாருங்க.”

ரெக்ஸலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்தது. ரெக்ஸலின் அழாத குறையாக எல்லாவற்றையும் விளக்கினாள்: தோள், ஜோடி, ரப்பர் தரை, பதினொன்று. ஜெயிலர் பல்லைக் கடித்தார். தலைவர் அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தார். பிறகு உத்தரவில் ஒரு பெயரையும் ஒரு போட்டோவையும் கோடு கிழித்து அடித்தார்.

“அப்ப உனக்குத் தனியா எவ்வளவு வரும்?”

“எழுபத்தொண்ணுய்யா.”

“நான் பாக்கணும். எந்திரி.”

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றிப் பக்கத்தில் பார்க்க வந்தார். அருமைநாயகம் எழ முயன்றார். கை வலது பக்கம் காற்றில் போனது. அதே நேரத்தில் தலைவரின் கால் பிரிண்டர் வயரில் மாட்டியது. அவர் முன்னால் சாய்ந்தார். கீழே இருந்து போன கை அவர் தோளில் விழுந்தது. மேலே இருந்து வந்த கை கண்டக்டர் தோளை இறுகப் பிடித்தது. இரண்டு கிழவர்களும் ஒரு நொடி அங்கேயே ஆடினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து, மெதுவாக, நேராக நின்றார்கள்.

“தங்களின் விழும் அபாயம், நூற்றுக்குப் பதின்மூன்று. வாழ்த்துகள்.”

“கையை எடுல!” ஜெயிலர் அலறினார். “யார் தோள்ல கை வக்கிறே?”

“நீங்க சும்மா இருங்க” என்றார் தலைவர். அவரும் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எங்க வீட்டிலயும் இந்த மெஷின் கட்டி விட்டிருக்காங்கப்பா. எழுபத்தாறு. ரூம் பூரா ரப்பர். மகன் வெளிநாட்டிலிருந்து கேமராவில பாத்துட்டே இருக்கான். தோட்டத்துக்குக்கூடப் போகக் கூடாதாம்.” அவர் போனைப் பார்த்தார். “பதின்மூணுன்னா சொல்லிச்சு?”

“ஆமா சார்” என்றாள் ரெக்ஸலின்.

“இவன் யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“பஸ்ஸுல நிக்கவன் பக்கத்துல நிக்கவன் மேல சாயத்தாம்யா செய்வாம்” என்றார் அருமைநாயகம். “பேரக் கேட்டுட்டா புடிக்காம்?”

தலைவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. நாற்காலிக்குத் திரும்பினார், இன்னும் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே. பேனாவை எடுத்தார். “போகலாம்னுதான் எழுதப்போறேன். ஆனா அந்தத் துணை நிற்பவர் கட்டத்தை என்ன செய்ய?”

“அது காலியா இருந்தா ஆப் அடுத்த பக்கத்துக்கே போகாது சார்” என்றாள் ரெக்ஸலின். “ஒரு பேராவது போட்டாகணும்.”

அறையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஜெயிலர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். தலைவரின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. பெயர், முகவரி, உறவு. டேப்லெட்டில் கோடு ஒன்று மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.

கதை இங்கேதான் நிற்கிறது, எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நீதிபதி தன் பெயரையே எழுதலாமா? ரெக்ஸலினா? அருமைநாயகத்தின் ஊர் பஸ்ஸில் தினமும் நிற்கப்போகிற எவனோ ஒருவனா? நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பேனா உங்கள் கையில் இருந்தால் யார் பெயரை எழுதுவீர்கள்?